முதல் தடவை மசாஜுக்கு வர்றவருக்கு

என்னங்க,

தூங்குறீங்க, எழுப்பல. முதுகுவலிக்கு மசாஜ் பண்ணிக்க இன்னிக்கு சாயங்காலம் வரலாமான்னு நேத்து நான் வேலை பார்க்கிற இடத்து ரிசப்ஷனுக்கு போன் பண்ணினீங்களாமே! அங்க இருக்கிற பொண்ணு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. என்கூடப் பேச மாட்டீங்க, என்கிட்டயே அப்பாயின்ட்மென்ட்டா?

சரி, புதுசா வர்றவங்ககிட்ட சொல்றதையே உங்களுக்கும் சொல்றேன். சாதம் அடுப்பு மேல இருக்கு. குப்புறப் படுக்கணும், அதனால அரை வயித்துக்குச் சாப்பிடுங்க. பிரஷர் மாத்திரை போடுறதை முதல்லயே சொல்லிடணும். பேசியே ஆகணும்னு இல்ல, தூங்கிட்டாலும் தப்பில்ல. ஆனா வலிச்சா உடனே வாயைத் திறக்கணும். ஏணியிலேருந்து விழுந்ததை என்கிட்ட மறைச்சீங்களே, அதுக்குத்தான் அவ்வளவு கத்தினேன்.

கதவைப் பூட்டி சாவியை எடுத்துட்டு வாங்க.

பி.கு: வேற ஆள் இருக்காங்க, உடனே வாங்கன்னு ரிசப்ஷன் பொண்ணு சொன்னதுக்கு, "வேண்டாம்மா, என் வீட்டுக்காரி கை ஒழியட்டும், நான் காத்திருக்கேன்"னு சொன்னீங்களாம். உங்களுக்கப்புறம் இன்னிக்கு வேற யாருக்கும் அப்பாயின்ட்மென்ட் குடுக்கல. சேர்ந்தே வீட்டுக்கு வரலாம்.