அக்கா சொன்ன நான்கு மிருகங்கள்

புக்கிட் பெலிம்பிங்,
ஞாயிற்றுக்கிழமை.

மெல்பர்னில் வீற்றிருக்கும் மருமகன் ஜீவனுக்கு, வடசிலாங்கூரின் முடிசூடா மன்னனாகிய உன் தாய்மாமன் பாலன் எழுதுவது. இங்கு மன்னனும் அவன் மூட்டுவலியும் சுகம்.

ஞாபகப் பரிசோதனையில் உன் அம்மாவுக்கு நான்கு மதிப்பெண் என்று வாட்சப்பில் அனுப்பினேன். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். மறுநாளே ரவாங்கில் முதியோர் இல்லம் பிடித்துவிட்டாய், வெள்ளிக்கிழமை கையெழுத்தாம். உன் வேகத்துக்கு ராக்கெட் விடுகிறவனே கும்பிடு போடுவான். அந்த நான்கு எப்படி வந்தது என்று மட்டும் நீ கேட்கவில்லை.

ஒரு நிமிடத்தில் தெரிந்த மிருகங்களையெல்லாம் சொல்ல வேண்டும். தாதி மலாய்க்காரப் பெண். அக்காவின் தமிழை மலாயில் சொல்லும் மகத்தான பதவி எனக்கு. பொதுவாக எல்லாரும் வீட்டு மிருகங்களை ஒரு கூட்டமாகச் சொல்லி முடித்துக் காட்டுக்குத் தாவுவார்களாம். அக்கா தாவவில்லை. மனதுக்குள் பழைய எஸ்டேட் லயத்தில் வீடு வீடாக நடந்தாள். "ரெங்கசாமி வீட்ல மாடு, ஆடு. மோகனா வீட்ல மாடு, கோழி. கணக்கெழுதுற கிராணி வீட்ல நாயி. இராஜம்மா வீட்ல மாடு..."

நான் வீட்டுக்காரர்களின் பெயர்களை விட்டுவிட்டு, மாட்டுக்கான மலாய்ச் சொல்லை ஏலம் போடுகிறவன் மாதிரி ராகம் இழுத்தேன்: லெம்பு, லெம்பு, மறுபடியும் லெம்பு! தாதி சிரித்தாள். சபை சிரித்தால் உன் மாமன் அடங்குவானா? நானும் சிரித்தேன்.

அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இன்னும் அரை நிமிடம் மீதி இருந்தது. தாதி நான்கு என்று எழுதினாள்.

கார் ஈஜோக்கைத் தாண்டியதும் அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு, யானை, பன்னி, உடும்பு, நீர்நாய், முதலை என்று ஆரம்பித்தாள். முப்பத்தொன்று. இதில் ஒன்றுகூட நான் கூட்டியது இல்லை. "இத அங்கயே சொல்லியிருக்கலாம்லா, அக்கா?" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் சிரிச்சி முடிக்கட்டும்னு இருந்தேன்" என்றாள்.

அவளுக்கு மறதியே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். போன மாதம் அடுப்பை எரியவிட்டுக் கோயிலுக்குப் போனாள். ஆனால் அந்த நான்கு அவளுடையது அல்ல, என்னுடையது. வியாழக்கிழமை மறுபரிசோதனை கேட்டு வாங்கியிருக்கிறேன். தமிழ் பேசும் தாதி இருப்பாள். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

இல்லத்தைப் பற்றி அவளுக்கு இன்னும் தெரியாது. பக்குவமாக எடுத்துச் சொல்ல மாமா நீங்கள் இருக்கிறீர்களே என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்யா. மறுபரிசோதனை முடிவு தெரியும்வரை கையெழுத்துப் போடாதே. அப்படியும் போடத்தான் வேண்டுமென்றால், விமானம் ஏறி வந்து, அவள் எதிரே உட்கார்ந்து, நீயே சொல்.

பிள்ளைகளோடு நீ நூறு வருஷம் நன்றாக இரு.

உன் மாமன்,
பாலன்