நாளை ஒலிக்காத குரல்

அம்மா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், அப்பாவுக்குக்கூட. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கான்சஸில் காற்று அதிகம். நான் நலம்.

இந்த ஆண்டு வரலாற்று வகுப்பில் களிமண்ணால் ரோம் நகரம் செய்தோம், போரைப் பற்றிச் சுவரொட்டி வரைந்தோம். கடைசியாக, வீட்டில் ஒருவரின் கதையைப் பதிவு செய்யச் சொன்னார்கள். எவுலாலியா சித்தி அனுமதியில்லாமல் அமெரிக்க எல்லை தாண்டியதை, தன் பெயர், வேலை செய்யும் இறைச்சி ஆலை எல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

"நம்ம மலைப்பேச்சு இவங்களுக்கு எங்கடி புரியப்போகுது?" என்று சிரித்தாள்.

ஆனால் திரையில் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பும் ஓட வேண்டுமாம். நாளை ஊர் நூலகத்தில் காட்டுகிறார்கள்.

"போலீஸ்காரங்களும் வருவாங்களா சார்?" என்று வகுப்பு எடுக்கும் ஹால்வர்சன் சாரிடம் கேட்டேன்.

"ஊரே வரும்மா. நீ பெருமைப்படணும்," என்றார்.

இன்று பள்ளிக் கணினியிலிருந்தும் அந்தப் பதிவை அழித்துவிட்டேன். இந்தப் பாடத்தில் இனி தேர்ச்சி இல்லை. அழுகைகூட வரவில்லை. சித்திக்குத் தெரியாது.

அங்கே குவாத்தமாலாவிலிருந்து யாராவது வந்தால் வறுத்த பூசணி விதை கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இங்கே விற்பதில் உப்புதான் இருக்கிறது.

கதவு தட்டும் சத்தம். சித்திதான்.

"ஏன்டி, இன்னும் தூங்கலையா? நாளைக்கு நீலப் பாவாடை கட்டட்டுமா, சிவப்பா? ஆலையில எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன்."