என் இடத்தில் அந்தத் துறவி

நார்போன்,
எலூல் மாதம், ஓய்வுநாளுக்கு மறுநாள்.

என்னோடு ஒரே மேசையில் வேதம் படித்த துரானுக்கு, கிரெஸ்காஸ் எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். எனக்கு வயிற்றெரிச்சல். மருந்துக்காக எழுதவில்லை, காரணமே நீதான்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மனைவி எஸ்தலீனா சுகம். குழந்தைக்குப் பல் முளைத்து, தூக்குகிறவர்கள் விரலையெல்லாம் கடிக்கிறாள். திராட்சை அறுப்பு தொடங்கிவிட்டது. உன் தோட்டத்தை என் தம்பி பார்த்துக்கொள்கிறான்.

உன் கடிதத்தை எஸ்தலீனாவுக்கு நான்தான் வாசித்தேன். முழுக்க முழுக்க அந்தக் கிறிஸ்தவத் துறவி பொன்ஸ்தான். அவர் எபிரேயம் படிக்கும் அழகு, அவர் கொடுத்த பேரிக்காய், மழையில் உனக்குப் போர்த்திய மேலங்கி. பெர்ப்பிஞானில் ஆயர் நடத்திய மத வாதத்தில் நம் யூதர் சார்பில் பதில் சொல்லப் போனவன் நீ. வாதம் முடிந்தும் அங்கே என்ன வேலை? ஏசாயா தீர்க்கதரிசியின் ஏட்டில் வரும் துன்பப்படும் ஊழியன் யார் என்று அவர் கேட்டாராம். இப்படி ஒரு கேள்வியை உன்னிடம் இதுவரை யாருமே கேட்டதில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது நான் யார்?

இருவர் சேர்ந்து படித்தால் ஒருவன் சொல்வதை மற்றவன் மறுத்தே ஆக வேண்டும் என்பது நம் வழக்கம். கிறிஸ்தவர் பக்கம் நின்று இத்தனை வருடம் மறுத்தவன் நான்தானே? அந்த ஊழியன் இயேசுதான் என்று தொண்டை வறளக் கத்தினேன். நீ ஏட்டைப் பின்னால் புரட்டி, "இஸ்ரவேலே, நீ என் ஊழியன்னு கடவுளே பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காருடா. அதுக்கப்புறம் வேற ஆளை எதுக்குத் தேடுற?" என்றாய். மேசியாவின் காலத்தில் வாள்கள் கலப்பைக் கொழுவாகும் என்ற இடம் வந்தபோது, மேசியா வந்துவிட்டார் என்றால் ஆயர் வீட்டு வாசலில் சேவகன் ஏன் ஈட்டியோடு நிற்கிறான் என்றாய். இயேசு திரும்பி வரும்போது அதுவும் நடக்கும் என்று நான் விடாமல் நின்றேன். அந்தத் திரும்பி வருதல் தீர்க்கதரிசிகளின் ஏட்டில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றாய். தேடினேன், கிடைக்கவில்லை. தோற்ற சந்தோஷத்தில் அன்று நான்தான் உனக்கு ஒயின் ஊற்றினேன்.

அதே பதிலைத்தான் அங்கேயும் சொன்னாயாம். துறவி கோபப்படாமல் உன் கையைப் பிடித்துக்கொண்டாராம். நானோ மேசையைத்தான் தட்டினேன். கையைப் பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, போ.

நம் பெரியவர்கள் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். கிரெஸ்காஸ் கிறிஸ்தவர் பக்கத்தை ரொம்ப நன்றாகப் பேசுகிறான், அவனை அனுப்பினால் ஆபத்து என்று உன்னை அனுப்பினார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்தே போய்விட்டது, அந்தப் பேச்சு என்னை அசைக்காது. நீ ஜெயித்தே பழகியவன். பிரியமாகப் பேசும் எதிராளியை நீ பார்த்ததே இல்லை. இது அந்தப் பெரிய தலைகளில் ஏறவில்லை.

நான் பொருமுவதைக் கேட்டு எஸ்தலீனா, "புருஷனைப் பிரிஞ்சு தவிக்கிறது நானா நீங்களாண்ணே?" என்று சிரித்தாள். கடைசியில், குளிர்காலம் முழுக்க மடத்திலேயே தங்கச் சொல்கிறார் என்று நீ எழுதியதை வாசித்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். போன வருடம் ஞானஸ்நானத் தண்ணீரில் முங்கிய மொர்தெகாய் இப்போது பியேர் என்ற கிறிஸ்தவன். கடைத்தெருவில் நம்மைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் மனைவி எங்கள் தெருவில்தான் தனியாக இருக்கிறாள்.

எனக்குப் படிக்க வேறு துணை பார்த்துக் கொடுத்தார் நம் குரு ரபி. வந்தவன் எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறான். அவனை உன் இடத்தில் உட்கார விடவில்லை, பக்கத்து முக்காலியில்தான்.

அடுத்த மாதம் கூடாரப் பண்டிகைக்குள் வந்துவிடு, துரான். துறவி கேட்டதையெல்லாம் கொண்டு வா. அவரைவிட பலமாக நான் கேட்கிறேன். கையைப் பிடிக்க வேண்டுமென்றால் அதையும் செய்கிறேன். உன்னிடம் தோற்றுத் தோற்றுப் பழகியவன் நான். உன்னை அவரிடம் தோற்க என்னால் முடியாது.

புத்தாண்டு வருகிறது. அன்று கடவுள் திறக்கும் வாழ்வோரின் ஏட்டில் உன் பெயர் எழுதப்படட்டும். துரான் என்ற பெயராகவே எழுதப்படட்டும்.

உன் எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருக்கும்,
கிரெஸ்காஸ்