பத்து யுவானை நூறாக்கியவனுக்கு

அன்புள்ள மகன் வென்ஹாய்க்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் சூச்சிங்கும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா? ஷென்ஜென்னில் இந்த வருஷம் குளிரே இல்லை என்று அங்கிருந்து வந்த எதிர்வீட்டு லுவோ மகன் சொன்னான், இருந்தாலும் இரவு வேலைக்குப் போகும்போது கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்று அம்மா எழுதச் சொல்கிறாள். இங்கே அம்மாவுக்கு இருமல் விட்டது, உன் மகன் லெலெ இரண்டு கிண்ணம் சோறு தின்றுவிட்டு கடையில் டோஃபு வெட்டும் பலகைமேல் ஏறிக் குதிக்கிறான், நானும் என் கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறோம். நலம் விசாரித்தாயிற்று. இனி நான் எழுதுவதைத் தனியாக உட்கார்ந்து படி, விடுதியில் நாலு பேர் முன்னால் படித்துவிட்டு அப்பா மானத்தை வாங்கினார் என்று சொல்லாதே.

அடேய், புத்தாண்டுக்குக் குழந்தைகளுக்கு நூறு யுவான் போட்டுச் சிவப்பு உறை அனுப்பச் சொல்லி உன்னிடம் யார் அழுதது? நம் குடும்பத்தில் குழந்தைக்குப் பத்து. நானும் உன் ஹோங்மெய் அத்தையும் உட்கார்ந்து பேசி வைத்தது, உன் அக்கா யின்ஹுவா கல்யாணமாகிப் போனபோது அவளுக்கும் சொல்லி அனுப்பியது, உனக்கும் தெரியும். அவள் பிள்ளைக்கு நீ பத்து, உன் பிள்ளைக்கு அவள் பத்து, யாருக்கும் லாபமில்லை, யாருக்கும் நட்டமில்லை, குழந்தைகள் பட்டாசு வாங்கிக் கொளுத்தும், பெரியவர்கள் தலைநிமிர்ந்து சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். அதில் போய் நீ கையை வைத்தாய். லுவோ மகன் கையில் கட்டாகக் கொடுத்து அனுப்பினாயே, அவன் வருகிற வழியில் ஷிபா கிராமத்தில் இறங்கி உன் அக்கா வீட்டு உறைகளை அங்கேயே கொடுத்துவிட்டு, மற்றதை இங்கே கொண்டுவந்தான். அடுத்தவர் பிள்ளைக்கு ஒட்டிய உறையைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. பத்துதான் இருக்கும் என்று நினைத்து முதல் நாள் காலையில் அத்தை பிள்ளைகள் கையில் நானே கொடுத்தேன், முட்டாள் நான். மத்தியானத்துக்குள் அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், சாயங்காலத்துக்குள் அவளுக்கே புரிந்துவிட்டது, அவள் லெலெக்குத் திருப்பிப் போட வேண்டும் அல்லவா, பிள்ளை ஒன்றுக்கு நூறாக! கொண்டுவந்து கொடுத்தாள், முகத்தை முழ நீளத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தாள். "அண்ணே, ஒம்மவன் இப்ப பெரிய ஆளாயிட்டான், நாங்கல்லாம் ஒங்க வீட்டுப் படியேறணும்னா இனிமே பேங்குக்குப் போயிட்டுத்தான் வரணும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், நான் அரிசி மதுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அதுகூடப் போகட்டும், அவளுக்குத் துணிக்கடை இருக்கிறது. இரண்டாம் நாள் கதையைக் கேள். கட்டிக்கொடுத்த பெண் தாய்வீட்டுக்கு வரும் நாள். உன் அம்மா விடியற்காலையிலேயே எழுந்து புகையில் தொங்கிய பன்றி இறைச்சியை இறக்கிக் கழுவி, மீனை வறுத்து, உன் அக்காவுக்குப் பிடித்த பச்சைப்பூண்டுத் தாளை நறுக்கி வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். ஒன்பது மணிக்கு வருகிறவர்கள் பதினொன்று ஆகியும் வரவில்லை. வந்தது யார் தெரியுமா, மாப்பிள்ளையின் தம்பி! வாசலிலேயே நின்றுகொண்டு, "பிள்ளைகளுக்குக் காச்சலாம், அண்ணி வரலையாம், இத லெலெகிட்டக் குடுக்கச் சொன்னாங்க" என்று ஓர் உறையை நீட்டிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். உறை புடைத்துக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் போன பிறகு பிரித்தேன். இருநூறு யுவான், வென்ஹாய். உன் நூறு மொடமொடவென்று புதுத் தாள் ஒன்று. இது ஐந்தும் இரண்டும் ஒன்றுமாக, மீன் வாடையும் அடுப்புக்கரியும் ஒட்டிய தாள்கள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் நீ அனுப்பியதற்கு ஈடு. இங்கே வந்தால் அத்தை பிள்ளைகள் இருப்பார்கள், தம்பி நூறு கொடுத்த இடத்தில் அக்கா பத்தை எப்படி நீட்டுவாள்? அதனால்தான் கடனை மட்டும் அனுப்பிவிட்டு அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். காய்ச்சலும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. அன்றைக்குச் சமைத்ததை உன் அம்மா தொடவில்லை, மூன்று நாள் நான்தான் சூடுபண்ணிச் சூடுபண்ணித் தின்றேன்.

உன் கையில் இருந்த நூறுகள் எங்கிருந்து வந்தன என்றும் தெரிந்துகொண்டேன். லுவோ மகனுக்கு இரண்டு கிண்ணம் மது ஊற்றினால் போதும், வாய் திறந்துவிடும். இரண்டு மாதச் சம்பளத்தை மேற்பார்வையாளரிடம் முன்பணமாக வாங்கினாயாமே! "மாமா, ஊருக்கு வர முடியல, கையாவது வரட்டும்னு சொன்னாரு" என்றான். எது, கடன்வாங்கிய கையா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சின்ன வயதிலிருந்து சொல்லித்தானே வளர்த்தேன்? பன்னிரண்டாம் மாதம் பிறந்தால் நான் என்ன செய்வேன் என்று நீ பார்த்திருக்கிறாய், முதலில் டோஃபுவுக்குச் சோயா கொடுத்தவனுக்குப் பாக்கி, அடுத்து வீட்டுக்கு எண்ணெய், இறைச்சி, உனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு சட்டை, கடைசியில் மிஞ்சுவதில்தான் உறை. மிஞ்சாத வருஷத்தில் உறைக்குள் இரண்டு யுவான் போட்டும் கொடுத்திருக்கிறேன், எவனும் என்னை ஊரைவிட்டுத் துரத்தவில்லை. நீ தலைகீழாகச் செய்தாய், முதலில் உறை, பிறகு கடன், சோற்றுக்கு என்ன வழி என்று கடைசியில் யோசிப்பாய் போலிருக்கிறது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டாமா? பெரிய மனுஷன் என்று பேர் வாங்க உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா, சொந்த அக்கா அடுப்படியில்தான் வாங்க வேண்டுமா?

உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, புள்ள ஊரவிட்டுக் கெடந்து புத்தாண்டு கழிச்சிருக்கான், கொஞ்சம் பதமா எழுதுங்க" என்கிறாள். பதமாகத் தொட இது என்ன டோஃபுவா என்று கேட்டேன், மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இனி எழுதப்போவது அவளுக்கு இன்னும் தெரியாது.

பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நேற்று முன்தினம் சந்தை நாள் என்று டோஃபு தூக்கிக்கொண்டு ஷிபாவுக்குப் போனேன். காலை பத்து மணி. உன் அக்கா மகள் தோதோ வரப்பில் பன்றிக்குத் தழை அறுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் இல்லையா என்றேன், கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். வீட்டுக்குள் போய் உன் அக்காவைப் பிடித்து உலுக்கிக் கேட்டபிறகுதான் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை பாவோகென் வேலை பார்த்த செங்கல் சூளைக்காரன் புத்தாண்டுக்கு முன்பே பூட்டிக்கொண்டு ஓடிவிட்டானாம், மூன்று மாதக் கூலி போனது. தோதோவின் பள்ளிக் கட்டணத்துக்கென்று முட்டை விற்றும் மீன் விற்றும் சேர்த்து வைத்திருந்ததைத்தான் உன் மகனுக்கான உறைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறாள். அப்படியானால் தம்பி குழந்தைகளுக்கு அனுப்பிய இருநூறு எங்கே என்று அவளைக் கேட்டேன். "அது வந்த அன்னைக்கே கடைக்காரன் பழைய பாக்கிக்குப் பிடிச்சிக்கிட்டான்ப்பா, லுவோ மகன் அவன் கடை வாசல்ல வச்சிதானே குடுத்தான், ஊரே பாத்துச்சு" என்றாள். கேட்டுக்கொண்டாயா உன் கொடையின் லட்சணத்தை?

நேராகப் பள்ளிக்குப் போய் என் மடியிலிருந்து கட்டணத்தைக் கட்டினேன். சாயங்காலமே மாப்பிள்ளை அதை ஆசிரியரிடமிருந்து வாங்கிக்கொண்டு என் கடைக்கே வந்து பலகைமேல் வைத்தார். "மாமா, கோவிச்சிக்காதீங்க. மச்சானுக்கு ஈடு குடுத்துட்டு மாமனார்கிட்டத் திருப்பி வாங்கிட்டான்னு ஊர்ல சொல்லுவாங்க. எம்புள்ளைய நான் படிக்க வச்சிக்குறேன்" என்றார். எதைக்கொண்டு வைப்பார்? உறையைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை, திருப்பி அனுப்பினால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். உன் இருநூறும் அவள் இருநூறும் சேர்ந்து ஒரு குழந்தையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியதுதான் மிச்சம்.

இதை நான் தீர்க்க முடியாது, நீதான் தீர்க்க முடியும். வருகிற இரண்டாம் மாதம் பன்னிரண்டாம் தேதி தோதோவுக்குப் பத்தாம் பிறந்தநாள். வானத்தில் இடிக்கு மேல் ஆளில்லை, பூமியில் தாய்மாமனுக்கு மேல் ஆளில்லை என்று நம் பக்கத்தில் சும்மாவா சொன்னார்கள்? பத்தாம் பிறந்தநாளுக்குத் தாய்மாமன் கொண்டுவரும் பள்ளிப் பையைத் திருப்பித் தர எந்தத் தகப்பனுக்கும் உரிமை கிடையாது, அதற்கு ஈடும் கிடையாது. ஒரு பை வாங்கு, நோட்டும் பென்சிலும் போடு, கட்டணத்தை அதன் உள் பாக்கெட்டில் வை, வெளியே யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. எவன் கையிலும் கொடுத்தனுப்பாதே, நீயே வா. வேலை போய்விடும் என்று எழுதாதே, மூன்று நாள் விடுப்புக்குப் போகிற வேலை போகட்டும். ஆசிரியர் அதுவரை அவள் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார், அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன், இந்த வயதில்.

வருவதா வேண்டாமா என்று யோசித்தால் இதையும் சேர்த்து யோசி. அன்றைக்கு நான் கிளம்பும்போது தோதோ கூடை தூக்கிக்கொண்டு ஊர் எல்லைவரை வந்தாள். "தாத்தா, மாமா அடுத்த வருசமும் காசு அனுப்புவாரா" என்று கேட்டாள். ஆசையில் கேட்கிறாள் என்று நினைத்து, அனுப்புவான்மா, அனுப்புவான் என்றேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்னு எழுதுங்க தாத்தா. அடுத்த வருசம் தம்பி பள்ளிக்கூடம் சேரணும்" என்றாள்.

எழுதிவிட்டேன். நீயும் சூச்சிங்கும் நல்லபடியாக இருங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பெரியவர்கள் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு. பன்னிரண்டாம் தேதியை மறக்காதே.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா,
பெங் தெஷெங்
முதல் மாதம் இருபதாம் நாள்