பயர்பொக்ஸில் சாம்பல் பட்டை

ஜூலை 13, ஞாயிறு
கச்சான் காற்று. கொடியில் உடுப்பு முறுகிப் போச்சு. காலை முழுக்க மத்ரஸாவின் இணையப் பக்கம். பிள்ளை குர்ஆனில் எவ்வளவு மனனம் செய்திருக்கிறது என்று வீட்டார் பார்க்க ஒரு பட்டை. முடித்தது பச்சை, மிச்சம் சாம்பல். நிறம் சொல்ல குரோம் பிரவுசருக்கு ஒரு சிஎஸ்எஸ் வரி, பயர்பொக்ஸுக்கு வேறு வரி. ஒரு கோடு கீற இவ்வளவு ஆர்ப்பாட்டம்! பக்கத்தில் குர்ஆனின் முப்பது ஜுஸ்உவில் எத்தனை முடிந்தது என்றும் எழுதி வைத்தேன்.

முதலாளி றிஸ்வான் சேர் அதை அழித்தார். "நிறம் காட்டினா போதும், எழுத்து என்னத்துக்கு?" குரோமின் சாம்பலை பயர்பொக்ஸ் வரியிலும் ஒட்டினார். அங்கே அது முடித்த பகுதியின் மேல் விழும், பச்சையே தெரியாது என்றேன். "இஞ்ச யாரு புள்ள பயர்பொக்ஸ் பாக்குற?" அப்படியே ஏற்றிவிட்டார். விசர் மனுசன்.

ஜூலை 15, செவ்வாய்
மீன் இல்லை. பருப்பு. கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது.

மாலையில் ராத்தா வீட்டில் சத்தம். கத்தாரிலிருந்து மச்சான், ராத்தாவின் புருசன், போன் ஸ்பீக்கரில். வேலைத்தலக் கம்பியூட்டரில் மகள் சஹ்லாவின் பட்டையைப் பார்த்திருக்கிறார்.
"ஒரு சொட்டுப் பச்சை இல்ல. நான் வெயிலுக்க சாகிறன், நீ அங்க விளையாடித் திரியிறியா?"
பாதிக் குர்ஆனுக்கு மேல் மனனம் செய்த பிள்ளை. பீங்கானில் சோறு அப்படியே.
போனைப் பறித்து, எந்த பிரவுசர் என்று கேட்டேன்.
"அதெல்லாம் தெரியா. நெருப்பு நரி மாதிரி ஒரு படம்."
பயர்பொக்ஸேதான். சேர் ஒட்டின சாம்பல்.

ஜூலை 16, புதன்
சேரிடம் கத்தினேன். ரோட்டில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். "ஒரு கலருக்குப் போய் இவ்வளவு கோவமா?" கலராம்! பச்சையைப் போட்டேன். ஜுஸ்உ கணக்கையும் போட்டேன். அவரைக் கேட்காமலே ஏற்றினேன். வேலை போனால் போகட்டும்.

மச்சானுக்கு வொய்ஸ் மெசேஜ். பதில்: "ஓம், இப்ப பச்சையாத்தான் இரிக்கி. மாஷா அல்லாஹ்."
அவ்வளவுதான். பிள்ளையோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இவரையும் சேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டவேண்டும்.
வாங்க: சவர்க்காரம், போனுக்கு ரீலோட்.

ஜூலை 18, வெள்ளி
செவ்வாய்க்குப் பிறகு சஹ்லா மத்ரஸா போகவில்லை. ராத்தா அழுகிறாள். பச்சைப் பட்டையை என் போனில் காட்டினேன். "பாருங்க மகள், எல்லாம் சரியாயிட்டு."
அவள் திரும்பியும் பார்க்கவில்லை.
"சாச்சி, வாப்பா ஓதச் சொல்லியிருந்தா நான் ஓதிக் காட்டியிரிப்பனே."