தொட்டுக்கொள்ள ஒரு சோறு

கழுவி உலர்த்திய அரிசி எண்ணெயில் வறுபடும் வாசனை இன்று காலை உங்கள் வீட்டுக் கொல்லையில் எழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை பாய், எரிச்சல்தான் வந்தது. உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அந்த மெக்சிகோ சோற்றை நான்தான் செய்ய வேண்டுமாம். உங்களுக்காக இத்தா இருந்து, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளறையில் இருக்கும் உங்கள் வீட்டம்மா, மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். "அத்தா கூடவே நின்னு பார்த்தது நீங்கதான், மாமா." பார்த்ததெல்லாம் செய்ய வருமென்றால் நான் இந்நேரம் சர்க்கஸில் இருந்திருப்பேன்.

துபாய் ஓட்டல் ஒன்றில் மெக்சிகோக்காரர் ஒருவரிடம் எடுபிடியாக இருந்து அதைக் கற்றுவந்தீர்கள். கள்ளக்குறிச்சியில் அரிசிக் கடை வைத்த பிறகும் ஞாயிறுதோறும் பின்னறையில் செய்வீர்கள். அரிசி பொன்னிறமாக வேண்டும். பச்சையாக அரைத்த தக்காளி, வெங்காயம், பூண்டு அதில் சுண்ட வேண்டும். பிறகு கோழி வேகவைத்த நீர். மூடியபின் தொடக் கூடாது. ஒரு முறை நான் மூடியைத் தூக்கியதற்கு, கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் போகுமளவு கத்தினீர்கள். மெக்சிகோவில் கறிக்கும் பயறுக்கும் பக்கத்தில் ஓரமாகத்தான் அதற்கு இடமாம். சோற்றையே தொட்டுக்கொள்ளச் சொன்ன ஒரே ஆள் இங்கே நீங்கள்தான்.

அதன் பூர்வீகம் இன்னொரு தலைவலி. புத்தகம் படிப்பதால் என்னை வாத்தியார் என்பீர்கள். நான் கற்பிக்க முயன்ற ஒரே ஆள் நீங்கள், அதிலும் தோற்றேன். தக்காளி அவர்கள் மண்ணில் முன்பே இருந்தது, அரிசி ஸ்பெயின்காரர் கப்பலில் போனது என்றேன்.

"ஸ்பெயினுக்கு அரிசிய எடுத்துகினு போனது யாரு? எங்காளுங்க."

"அது அரபுக்காரங்க, பாய். உங்காளுங்க உளுந்தூர்பேட்டையே தாண்டல."

"நான் துபாய் போவல? இன்னா பேசுற வாத்தியாரே."



இன்று பக்கத்து அடுப்பில் தால்சாவுக்குப் பருப்பு கடைந்துகொண்டிருந்த பிரியாணி மாஸ்டர், நான் தக்காளியை ஊற்றியதும் பட்டை கிராம்போடு வந்துவிட்டார்.

"ஒண்ணுமே போடலியே சார். மௌத்தான மனுசன் பேர்ல பத்தியச் சோறா போடுவீங்க?"

"வேணாங்க."

"புதினாவாவது?"

அண்டாவுக்குக் குறுக்கே நின்றேன். மசாலா போட்டால் இது தக்காளி பிரியாணி, அதைத் தின்ன கச்சிராயபாளையம் டவுன் பஸ் ஏறினால் போதும் என்று கத்தினேன். பந்தலே திரும்பிப் பார்த்தது.

பந்தியில் ஓரமாக வைத்த சோற்றை எல்லாரும் நடுவுக்கு இழுத்துத் தால்சாவை ஊற்றினார்கள். "பிரியாணில கறியக் காணோமே" என்றார் ஒருவர். இது தொட்டுக்கொள்வதற்கு என்று மூன்று பேருக்கு விளக்கினேன். நான்காமவர், "அப்போ சோறு எங்க?" என்றார். விளக்குவதை விட்டேன்.

எனக்கு ஒருவர் சொல்தான் வேண்டியிருந்தது. உள்ளறைக்குத் தட்டு போய்த் திரும்பியது. பாதிக்கு மேல் மிச்சம்.

"அத்தா கைப்பக்குவம் வரலையாம், மாமா. அடி புடிச்சிருக்காம்." உங்கள் மகள் தட்டை வைத்துவிட்டு நின்றாள். "ஆனா மாஸ்டர்கிட்ட நீங்க கத்தினது உள்ள கேட்டுச்சி. அத்தாதான்னு நெனச்சி அம்மா எழுந்து கதவுகிட்ட வந்துட்டாங்க."

உங்கள் பக்குவத்தில் ஒரு பிடிகூட எனக்கு வரவில்லை. கோபம் மட்டும் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது. விட்டுப் போக வேறு எதுவும் கிடைக்கவில்லையா, பாய்? திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. வைத்துக்கொள்கிறேன்.