பாட்டுக்காரனின் விலாசம்

சித்தூர்,
12-6-1960

டேய்,

நம் நகராட்சியில் கலைக் குழு அமைக்கிறார்கள். மைக் கட்டத் தெரிந்தவன் என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள். பாட்டுக்கு யார் என்றதும் உன் பெயரைச் சொன்னேன்.

“அவரு திருத்தணியிலே கீறாரு சார். எல்லை பிரிச்சதுலே இப்போ அது வேற ராஜ்யமாயிடுச்சு. ஊர்லே குடியிருக்கணும்னு ரூலு,” என்றார் குமாஸ்தா.

பாகாலா ஊர் மேடையில் மைக் செத்துப்போய் நான் வயரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நீ தமிழில் ஓரடி, தெலுங்கில் ஓரடியாகப் பாடி முக்கால் மணி நேரம் கூட்டத்தை எழவிடவில்லை. அந்தத் தொண்டைக்கு எந்த ராஜ்யம்?

எல்லைத் தகராறில் உன்னைப் பார்த்து “உன் ஊருக்கே போடா” என்று கத்தியவன் நான்தான். தெரியும்.

விண்ணப்பத்தில் உன் விலாசமாக என் வீட்டு எண்ணை எழுதிவிட்டேன். இருபதாம் தேதி சரிபார்க்க வருகிறார்கள். மாடி அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். பெட்டியோடு வந்துவிடு.

இப்படிக்கு,
வாய்த்துடுக்கு அடங்காத சிநேகிதன்